கீட்டோ, பிபி மாத்திரை, ஒரு யூரின் ரிப்போர்ட்

கீட்டோ டயட்டில், அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறையில், சோற்றை விடுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்படியொன்றும் இல்லை. கொஞ்ச நாள் ரசம் வாசனை வந்தால் மனசு அலைபாயும், அப்புறம் பழகிவிடும். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதும் அப்படித்தான். இரவு எட்டுக்குள் முடித்துக்கொண்டு மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டால் பாதி நேரம் தூக்கத்திலேயே போய்விடுகிறது. 97 கிலோவிலிருந்து 83-க்கு வந்திருக்கிறேன். என்னைப் படுத்தி எடுத்தவை வேறு விஷயங்கள். பிபி மாத்திரை போடுகிறவர்களும், ஆபீஸில் வருஷாந்திர ஹெல்த் செக்கப் இருக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆன்லைனில் ஒரு டயட் கோச்சிடம் மூன்று மாதப் பேக்கேஜ் எடுத்தேன். சேரும்போது ஒரு ஃபாரம். வயது, உயரம், இடுப்புச் சுற்றளவு, முட்டை சாப்பிடுவீர்களா, பிடிக்காத காய் என்ன என்று வரிசையாகக் கேட்டவர்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கடைசியில் இருந்த ‘இதர விவரங்கள்’ கட்டத்தில் நானே மாத்திரைப் பெயரை எழுதி அனுப்பினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் வந்த சார்ட்டில் அவகாடோ, புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய், பாதாம் மாவு ரொட்டி. திருச்சி காந்தி மார்க்கெட்டில் இரண்டு அவகாடோ வாங்கும் காசுக்கு ஒரு வாரத்துக்கு முட்டை வாங்கிவிடலாம். வீட்டில் அம்மணி சார்ட்டை வாங்கிப் பார்த்து, பாதியை அடித்துவிட்டு காலிஃபிளவர், சுரைக்காய், வெண்பூசணி, கீரை, மீன், தேங்காய் என்று எழுதிக் கொடுத்தாள். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோவுக்கு மேல் இறங்கியது. கோச் கைதட்டும் படம் அனுப்பினார். அது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்துவைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (மாவுச்சத்தின் கையிருப்பு) சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நாளுக்கு 25 கிராமுக்குள் அடக்கினால் அந்தக் கையிருப்பு காலியாகி, தண்ணீரும் போய்விடும். (ஒரு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் இருக்கிறது.) கூடவே இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ள ஆரம்பிக்கும். சாதாரண ஆளுக்கே கொஞ்சம் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு வரும். நான் போட்டுக்கொண்டிருந்ததோ டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. அந்த இரண்டாவது மருந்தின் வேலையே உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றுவதுதான். ஆக, இரண்டு பக்கமும் குழாயைத் திறந்துவிட்டாயிற்று.

தலை சுற்றுகிறது என்று கோச்சுக்குச் சொன்னேன். “சார், இது கீட்டோ ஃப்ளூ. நல்ல அறிகுறி! நாலு லிட்டர் தண்ணி குடிங்க” என்றார். குடித்தேன். உப்பு ஏற்கெனவே குறைந்துகிடக்கிற உடம்பில் வெறும் தண்ணீராக ஊற்றினால் இருக்கிற உப்பும் நீர்த்துத்தான் போகும். ஒருநாள் விடிகாலை பாத்ரூமில் எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியைப் பிடிக்கப் போய், வாளியோடு சரிந்தேன். “ஏங்க, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு” என்று அம்மணி கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்துப் பிபி பார்த்தாள். 92/60.

எங்கள் குடும்ப டாக்டர் பழைய காலத்து ஆள். திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் போனேன். கீட்டோ என்றதும், “அது வலிப்பு வர்ற குழந்தைகளுக்குக் கொடுக்கிற சாப்பாடாச்சே” என்றார். 1921-ல் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்கிற டாக்டர் அதற்காகத்தான் இதை முன்வைத்தாராம். ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னார். 128 வந்தது, 135-க்குக் குறையக்கூடாது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு டெல்மிசார்டன் மட்டும், அதுவும் பாதி அளவு. தண்ணீரைத் தாகத்துக்குத் தக்கபடி குடித்தால் போதும், மோரிலும் எலும்பு சூப்பிலும் உப்பைக் குறைக்காதே என்றார். சில நாளில் தலைசுற்றல் நின்றது. மாத்திரைப் பெயரின் கடைசியில் ‘எச்’ என்று இருந்தால் பெரும்பாலும் இந்தச் சமாச்சாரம்தான். டயட் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், என்னைப் பார்த்து உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம், சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

வெளிச் சாப்பாடு ஒரு தனித் தலைவலி. மெஸ்ஸில் மீன் வறுவலில் மாவு இருக்கிறதா என்று கேட்டால், “மாவெல்லாம் இல்ல சார், சும்மா லேசா” என்பார்கள். அந்த லேசா என்பது சோள மாவும் அரிசி மாவும். ஆம்லெட்டைக்கூடச் சில இடங்களில் கடலை மாவு கலந்து உப்பவைக்கிறார்கள். சுக்கா கேளுங்கள், கல்லில் உங்கள் கண்ணெதிரே ஊற்றுகிற முட்டையைக் கேளுங்கள். கல்யாண வீட்டில் மட்டும் விளக்கம் சொல்லாதீர்கள். பெரியம்மா ஒருத்தி, “சுகர் வந்துடுச்சாடா?” என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அழுதுவிட்டாள். அன்றிலிருந்து ‘விரதம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன்.

பெரிய கூத்து இனிமேல்தான். ஆபீஸ் ஹெல்த் செக்கப்புக்கு ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சாயந்திரம் அங்கிருந்து போன்: “உடனே வாங்க, கூட ஆள் கூட்டிட்டு வாங்க.” யூரின் ரிப்போர்ட்டில் கீட்டோன் மூன்று பிளஸ். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது கீட்டோன். கீட்டோ டயட்டிலும் வரும், இன்சுலின் போதாத சர்க்கரை நோயாளிக்கும் வரும். பணியில் இருந்த இளம் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தே, “எத்தனை நாளா இன்சுலின் விட்டீங்க?” என்றார். எனக்குச் சர்க்கரை நோயே இல்லை, அதே பேப்பரில் ஃபாஸ்டிங் சர்க்கரை 86 என்று இருக்கிறது, நான் கீட்டோவில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, அட்மிஷன் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். கையில் ஊசி ஏற்றும் நேரத்தில் சீனியர் டாக்டர் வந்தார். பார்த்ததும், “என்ன, பேலியோவா?” என்று சிரித்தார். (பேலியோவும் இதே மாதிரி மாவுச்சத்தைக் குறைக்கிற டயட்.) ரத்தம் அமிலமாகியிருக்கிறதா என்று காட்டும் பைகார்பனேட் பார்த்து, நார்மலாக 23 இருக்கவும், “அமிலம் ஏறல, கிளம்புங்க” என்றுவிட்டார்.

அந்த இளம் டாக்டர்மேல் இருந்த கோபம் சீனியர் விளக்கிய பிறகு கொஞ்சம் தணிந்தது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ இருந்தால், சர்க்கரை அளவு நார்மலாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகி ஆபத்தாகிவிடுமாம். பயந்ததில் தப்பில்லை. ஆனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கோச்சும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனால் ரிப்போர்ட்டில் ஏறியது இறங்கவில்லை. ஃபிட்னஸ் சான்றிதழ் ‘நிலுவை’ என்று ஆபீஸுக்குப் போய்விட்டது. கவுன்டரில் இருந்தவர், வேண்டுமென்றுதான் டயட் இருக்கிறேன் என்று கடிதம் கொண்டுவரச் சொன்னார். கோச்சைக் கேட்டால், “நாங்க லெட்டர் தர்றதில்ல சார், வேணும்னா பேக்கேஜ் இன்வாய்ஸ் அனுப்புறேன்.” குடும்ப டாக்டரிடம் எழுதி வாங்கிப் போனேன். பதிவு எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனேன். டாக்டர் மேஜை இழுப்பறையைக் குடைந்து ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்து, மை காய்ந்திருக்க, எச்சில் தொட்டு அழுத்திக் கொடுத்தார். எண் தெளிவாக விழுந்தது. சான்றிதழ் வந்தது. இனி யூரின் டப்பா நீட்டும் லேபில் முதல் வார்த்தையே “நான் கீட்டோ டயட், ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள்” என்பதுதான். கடிதத்தின் ஜெராக்ஸ் பர்ஸிலேயே இருக்கிறது.

கோச்சின் வீடியோ வகுப்பில், விரதத்துக்கு 2016-ல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார்கள். யோஷினோரி ஒசுமி பரிசு வாங்கியது செல்கள் தம் கழிவைத் தாமே செரித்துக்கொள்ளும் வழிமுறைக்கு, அதுவும் ஈஸ்ட்டில் செய்த ஆய்வுக்கு. என் தொப்பைக்கும் அதற்கும் வெகுதூரம்.

ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 214-லிருந்து 96-க்கு இறங்கிவிட்டது. எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1 இருந்தது 5.5. ஆனால் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 126-லிருந்து 178-க்கு ஏறியிருக்கிறது. இந்தப் பகுதியை மட்டும் கீட்டோக்காரர்கள் யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. டாக்டர் நெய்யையும் தேங்காயையும் பாதியாக்கி, மீனும் கடலை எண்ணெயும் போதும் என்றார். எடை நினைத்த இடத்துக்கு வந்துவிட்டதால் மதியம் இரண்டு இட்லியும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பதினாறு மணி நேரக் கணக்கு அப்படியே தொடர்கிறது. அடுத்த மாதம் மறுபடி லிப்பிட் பார்க்கவேண்டும், எல்டிஎல் 130-க்குக் கீழே வராவிட்டால் மாத்திரை பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்.