ஃபேமிலி கோர்ட்டுல டைவர்ஸ் கிடைக்காதாம்: நியூயார்க்ல நான் அலைஞ்ச கதை

"கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகுதும்மா"னு போன்ல சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அப்புறம் மெதுவா "அவ்வளவு தூரம் முத்திடுச்சாடி"ன்னாங்க. அம்மா நெனச்சது டெல்லிய. நான் சொன்னது எங்க வீட்டுல இருந்து ரெண்டு பஸ் மாறிப் போற கோர்ட்ட. நியூயார்க் ஸ்டேட்ல சுப்ரீம் கோர்ட்னா நம்மூர் ஜில்லா கோர்ட் மாதிரி விசாரணை நடக்குற இடம்தான், அதுக்கு மேல அப்பலேட் டிவிஷன், அதுக்கும் மேல ஆல்பனில இருக்கிற கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ், அதான் கடைசி. இப்படிப் பேரு வச்ச மகராசன் யாருன்னு தெரியல.

எனக்கும் முதல்ல ஒண்ணும் தெரியாது. வீட்டுக்காரரு தனியா வீடு பாத்துப் போயி நாலு மாசம், பையன் ஸ்கூல், வாடகை எல்லாம் என் தலையில, குடும்பப் பிரச்சனைன்னா ஃபேமிலி கோர்ட்டுதானேன்னு நேரா அங்க போயி டைவர்ஸ் ஃபார்ம் கேட்டேன். கவுண்டர்ல இருந்த அம்மா ரொம்பப் பொறுமையா, "இங்க ஜீவனாம்சம், கஸ்டடி, புள்ளையப் பாக்குற உரிமை, அடிதடின்னா பாதுகாப்பு ஆர்டர், இதெல்லாம் கிடைக்கும், கல்யாணத்த மட்டும் எங்களால முறிக்க முடியாது, சொத்தையும் பிரிச்சுத் தர முடியாது"ன்னு சொன்னாங்க. அதுக்கு சுப்ரீம் கோர்ட்தான்.

ஆனா அன்னிக்கே சைல்ட் சப்போர்ட், அதாவது புள்ளையோட செலவுக்கு அப்பா தர வேண்டிய பணம், அதுக்குப் பெட்டிஷன் போட்டுட்டு வந்தேன் பாருங்க, நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஃபீஸ் ஒரு டாலர் கூட கிடையாது. வக்கீல் இல்லாமலே போட்டேன், தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு ஒரு கட்டம் டிக் பண்ணினேன், அதுவும் ஃப்ரீ. ஆர்டர் எப்ப வந்தாலும் பணம் பெட்டிஷன் போட்ட தேதியில இருந்து கணக்கு, அதனால "பேசித் தீத்துக்கலாம்"னு தள்ளித் தள்ளிப் போட்ட மாசமெல்லாம் போனது போனதுதான். சப்போர்ட் கேஸ பாக்குறது ஜட்ஜ் இல்ல, சப்போர்ட் மாஜிஸ்ட்ரேட்னு தனி ஆள். ஒரு புள்ளைன்னா 17 சதவீதம், ரெண்டுன்னா 25, வருமானத்துல சில வரிகளக் கழிச்சுட்டுப் போடுவாங்க, ஆஃப்டர் ஸ்கூல் செலவு தனி. நம்மூர் நெனப்புல 18 வயசு வரைக்கும்னு இருந்தேன், இங்க 21 வரைக்கும். பணம் அவரு சம்பளத்துலயே புடிச்சு வந்துடும், நான் போன் பண்ணிக் கெஞ்ச வேண்டியதில்ல, அந்த நிம்மதிய சொல்லி மாளாது.

சுப்ரீம் கோர்ட் வேற உலகம். உள்ள நுழையவே இண்டெக்ஸ் நம்பர்னு ஒரு கேஸ் நம்பர் வாங்கணும், 210 டாலர், அப்புறம் இன்னொரு 125, ஆக ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட டைவர்ஸுக்கே 335 ஆயிடும். வசதி இல்லன்னா ஃபீஸ் தள்ளுபடி கேட்டு மனு போடலாம். காரணம் பெருசா நிரூபிக்க வேண்டாம், 2010ல வந்த சட்டப்படி, உறவு குறைஞ்சது ஆறு மாசமா சரி பண்ண முடியாத அளவுக்கு முறிஞ்சு கிடக்குன்னு சத்தியம் பண்ணி எழுதினா போதும்.

இதுல நான் கோட்டை விட்டது சம்மன்ஸ், அதான் கேஸ் போட்டிருக்குன்னு அவருக்குக் கொடுக்க வேண்டிய கோர்ட் பேப்பர். சனிக்கிழமை பையனக் கூட்டிட்டுப் போக வந்தவர் கையிலயே கொடுத்துட்டேன், வேலை முடிஞ்சதுன்னு நெனச்சு. செல்லாதாம். கேஸ் போட்டவங்க தானே கொடுக்கக் கூடாது, 18 வயசு தாண்டின வேற யாராவது கொடுத்து, கொடுத்தேன்னு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடணும். பக்கத்து அபார்ட்மெண்ட் அக்காவக் கூட்டிட்டுப் போயி மறுபடியும் முதல்ல இருந்து.

இன்னொரு ஃபார்ம பாத்து சிரிப்பு வந்துச்சு. மத முறைப்படி நடந்த கல்யாணம்னா, அவரு மறுபடி கல்யாணம் பண்ண என் பக்கம் இருந்து எந்தத் தடையும் இல்லன்னு நான் எழுதித் தரணும். யூதக் குடும்பங்கள்ல மத விவாகரத்து தராம இழுத்தடிக்கிற பிரச்சனைக்காக வந்த சட்டமாம், மதுரையில ஐயர் வச்சு தாலி கட்டின நானும் அதுல கையெழுத்துப் போட்டேன்.

அவரோட ரிட்டயர்மெண்ட் பணத்துல என் பங்கு, ஜாயிண்ட் அக்கவுண்ட் எல்லாம் சுப்ரீம் கோர்ட்லதான் முடிஞ்சுது. அதுக்கு மட்டும் வக்கீல் வச்சேன், அந்தக் காசு தண்டம் இல்ல. சப்போர்ட்ட புதுசாப் பேசல, ஃபேமிலி கோர்ட் ஆர்டரே தொடரும்னு டைவர்ஸ் தீர்ப்புல எழுதிட்டாங்க.

இப்ப அவரு வேற கம்பெனி மாறிட்டாராம், சம்பளமும் நல்லாவே ஏறியிருக்கு. வருமானம் 15 சதவீதமோ அதுக்கு மேலயோ மாறினா ஆர்டர மாத்தச் சொல்லிக் கேக்கலாம். அடுத்த வாரம் லீவு சொல்லிட்டேன், மறுபடியும் அதே ஃபேமிலி கோர்ட் கவுண்டர்தான். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.