வாயில் ஒரு கடிதம்

ரெண்டு நாளா 1708ல பிரான்ஸோட லீல் நகரத்துல நடந்த முற்றுகை தவிர வேறெதுவும் மண்டைல ஓடல. கோட்டைக்குள்ள பிரெஞ்சு மார்ஷல் பூஃப்ளேர். முற்றுகை போட்டது ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜின். அவருக்கு வெளியே காவல், கூட்டாளியான ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ.

பிரசெல்ஸ்ல இருந்து பீரங்கிகளைக் கொண்டு வரவே கிட்டத்தட்ட 16,000 குதிரைகள், 3,000 வண்டிகள். அத்தனையும் வந்து சேர்ந்தும் வேலை நகரல. செப்டம்பர்ல மார்ல்பரோ லண்டனுக்கு, கஜானா பொறுப்புல இருந்த அமைச்சர் கோடால்ஃபினுக்கு எழுதுறார்: பொறியாளர்கள் சொதப்புறாங்கன்னு ஒரே புலம்பல். (இவங்க கடிதங்கள்ல முக்கியமான ஆட்களுக்குப் பேருக்குப் பதிலா எண்கள். போதாததுக்கு அப்போ இங்கிலாந்து காலண்டர் பிரான்ஸ் காலண்டரை விட 11 நாள் பின்னாடி. எந்தத் தேதி எந்தக் கணக்குன்னு பார்த்தே தலை சுத்துது.)

கோட்டைக்குள்ளயும் நிலைமை மோசம், வெடிமருந்து தட்டுப்பாடு. வெளியே இருந்த பிரெஞ்சுப் படைக்குத் தகவல் சொல்ல துபுவான்னு ஒரு கேப்டன் கால்வாய்களை நீந்திக் கடந்து வெளியே போனார். பதிலை வாயில் வச்சுக்கிட்டு அதே வழியில நீந்தித் திரும்பினார். அப்புறம் ஒரு ராத்திரி, பிரெஞ்சு குதிரை வீரர்கள் ஆளுக்கொரு வெடிமருந்து மூட்டையோட, முற்றுகைப் படையில இருந்த டச்சுக்காரங்க மாதிரி நடிச்சு உள்ளே நுழையப் பார்த்தாங்க. குட்டு பாதியில உடைஞ்சது. சில மூட்டைகள் வழியிலயே வெடிச்சது. ஆனாலும் பல பேர் உள்ளே போயிட்டாங்க.

அக்டோபர் 22ல நகரம் விழுந்தது. பிரெஞ்சு கோட்டைப் பொறியாளர் வோபான் கட்டிய உள்கோட்டை டிசம்பர் வரைக்கும் தாங்குச்சு.

எனக்கென்னவோ மார்ல்பரோவை விட அந்த நீச்சல்காரர் மேலதான் கண்ணு.