இரண்டு இறகு ஹெலி

எங்கள் பள்ளிக்கூட மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது மெய்வல்லுநர் போட்டி நினைவுகள். நான் மூன்றாம் இடம்கூட எடுத்தவனல்ல என்பது என் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும். நான் விழுந்தடித்து ஓடியதெல்லாம் பங்கருக்குத்தான், குண்டுக்கு ஒளியும் பதுங்குகுழிக்கு. ஆகவே அதையே எழுதுகிறேன். ஆனால் அதற்கு ரொறொன்ரோவிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே நான் சிறுநீரக நோயாளர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் வரை இயந்திரத்தோடு இருக்க வேண்டும் என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது பேசுவார்கள். ஓர் அமெரிக்க முதியவர் மட்டும் பேசவே மாட்டார். ஒரு மாலை ஆஸ்பத்திரிக் கூரைமேல் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஹெலி ஒன்று இறங்கியது. ஊசியைக் கையில் பிடித்தபடி நான் முகட்டைப் பார்த்தேன். அவரும் முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த யுத்தம்?" என்றார்.

"இலங்கை. யாழ்ப்பாணம்."

"ஹெலி ஓட்டினீரா?"

"இல்லை. நான் கீழே."

அதன் பிறகுதான் வாய் திறந்தார். பெயர் போடவேண்டாம் என்றார், போடவில்லை.

1968இல், இருபது வயதில் வியட்நாமுக்குப் போனவர். டெக்சாசில் ஃபோர்ட் வோல்டர்ஸ், பிறகு அலபாமாவில் ஃபோர்ட் ரக்கர் என்ற படைத்தளங்களில் ஓட்டப் பழகி, நடு மேட்டுநிலத்தில் பிளெய்க்கு பக்கம் படையினரை ஏற்றி இறக்கும் ஹியூயி ரக ஹெலி ஓட்டியிருக்கிறார். முதல் பாடம் அந்தரத்தில் அசையாமல் நிற்பது. இடக்கை ஏற்ற இறக்கம் பார்க்கும், வலக்கை பக்கவாட்டையும் முன்பின்னையும் பார்க்கும், கால்கள் வாலைத் திருப்பும். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் குழம்பும். கட்டிலில் கிடந்தபடியே வலக்கையை ஓர் அங்குலம் அசைத்துக் காட்டினார். மற்றக் கையில் குழாய் இருந்ததால் அதட்டிப் படுக்கவைத்தேன்.

தரையிறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைக்க மூக்கை உயர்த்தும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்தானவை என்றார். அப்போது விரைந்து தப்பவும் முடியாது, இறங்கி முடிந்ததாகவும் இல்லை. காட்டோரத்திலிருந்து எதிரியின் பச்சை ஒளிச் சன்னங்கள் வரும், இவர்களுடையவை சிவப்பு. அந்த யுத்தத்தில் ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஹெலிகள் பறந்தன, 5,000க்கு மேல் அழிந்தன. அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, "அதில் இரண்டு என்னுடையவை" என்றார். காயப்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்த பின் ஹெலியின் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியதையும் சொன்னார். அதை ஒருமுறைதான் சொன்னார்.

எங்கள் பேச்சு நீண்டதெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். கூரைமேல் வந்ததற்குச் சத்தம் குறைவு, அது நல்ல பிள்ளை என்பார். ஹியூயிக்கு இரண்டே இறகு. அதை விரித்துப் பிடித்தால் 48 அடி. இறங்கும்போதும் திரும்பும்போதும், முன்னால் போன இறகு கிளப்பிய சுழியில் அடுத்த இறகு போய் அறையும். அந்த அறைதான் 'டப் டப்' என்று மைல்கணக்கில் கேட்பது. அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. நம் வானில் சுற்றிய விமானப்படையின் பெல் 212 அந்த ஹியூயியின் இரட்டை இயந்திரத் தம்பி. அதற்கும் இரண்டே இறகு. 'சத்தம் தடித்தால் ஓடு' என்று பத்து வயதில் நமக்கு யாரும் விளக்கம் சொல்லித்தரவில்லை. காது தானாகவே படித்துக்கொண்டது. நேராகப் போகும் ஹெலிக்கு யாரும் புத்தகத்தை மூடியதில்லை. அது வட்டம் போடத் தொடங்கி, சத்தம் கனத்தால் வகுப்பின் பின்வரிசை வெறுமையாகிவிடும்.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த எங்களுக்கு மரத்தடியில் வகுப்பு நடத்திய பௌதிகவியல் மாஸ்ரரை மறந்திருக்க மாட்டீர்கள். பனங்குற்றியும் மண்மூட்டையும் போட்ட பங்கருக்குள் எங்களோடு குந்தியிருந்து, வாசலால் தெரிந்த வானத்தைக் காட்டி, "சிவப்புப் பொட்டு தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள்" என்பார். பொட்டு தெரியும், ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு படபடவென்று சத்தம் வரும். மூன்று என்றால் ஒரு கிலோமீற்றர். ஒளி முந்தும், ஒலி பிந்தும். ஒன்று எண்ணுவதற்கு முன் சத்தம் வந்த நாளில் மாஸ்ரரும் எண்ணவில்லை. அந்த முறை என் முதுகில் விழுந்த மண்ணின் ஈரம் இன்னும் எனக்குத் தெரியும். ஒலியின் வேகத்தைப் பற்றிய கேள்வி எந்தப் பரீட்சையில் வந்தாலும் நான் பிழைவிட்டதில்லை.

மேலே இருந்தவருக்குத் தெரியாத ஒன்றும் என்னிடம் இருந்தது. ஹெலி சுட்டுக்கொண்டு போனால் வெற்றுத் தோட்டாக் கோதுகள் தகரக் கூரையில் கலகலவென்று கொட்டும். சத்தம் அடங்கியதும் பெரியவர்கள் தடுக்கத் தடுக்க ஓடிப்போய்ப் பொறுக்குவோம். பித்தளை சூடாக இருக்கும். காற்சட்டைப் பைக்குள் போட்டால் தொடையில் சுடும். ஐம்பது கலிபர் கோது ஒன்றுக்கு இரண்டு மாபிள் என்பது எங்கள் வகுப்பின் விலை. இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. சில ஹெலிகளில் கோது பிடிக்கப் பை கட்டியிருப்பார்களாம், வால் விசிறியில் படாமலிருக்க. இவருடையதில் பை இல்லை. "கதவால் கொட்டிக்கொண்டே இருக்கும். அது எங்கே போய் விழுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். வந்தது. சில நாட்கள் அவருடைய இயந்திரத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு நான் மறுகோடியில் வேலை பார்த்தேன். நான் அப்படி ஒதுங்கிய காரணத்தை அவர் கேட்கவில்லை. பிறகு நானே திரும்பிப் போனேன்.

கடைசியாகப் பேசிய நாளில் ஒரு விஷயம் கேட்டார். ஒருமுறை தாழப் பறந்தபோது ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் கையை உயர்த்தி நின்றார்களாம். கையசைக்கிறார்கள் என்று அப்போது இவரும் கை காட்டினாராம். "நீங்கள் அப்படிக் கையசைத்ததுண்டா?"

யோசித்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பிலோ நாலாம் வகுப்பிலோ, முதன்முதலில் ஹெலி நம் மைதானத்துக்கு மேலால் போனபோது வகுப்பு முழுவதும் வெளியே ஓடிவந்து கத்திக் கையசைத்தது. ரீச்சரும் படியில் நின்று பார்த்தார்.

"முதல் தடவை மட்டும்" என்றேன்.

அவருடைய இயந்திரம் மணியடித்தது. நேரம் முடிந்திருந்தது. ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.