கரட்டிலிருந்து தொடங்கினோம்

அரூருக்குப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பெய்யும் மழை வடிந்து ஒரே இடத்துக்கு வந்து சேரும் நிலப்பரப்புதான் நீர்வடிப்பகுதி. அதில் மண்ணையும் நீரையும் காக்கும் திட்டத்துக்கு ஊர்க்கூட்டம் போட்டபோது எல்லாரும் கேட்டது தடுப்பணை. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அதுல பாதிக்கு மேல மண்ணுதான கெடக்குது?" என்று என் அத்தை எழுந்து கேட்டார். வெள்ளாடு மேய்ப்பவர், ஊருக்கு மேலே இருக்கும் கரட்டில், அந்தக் கல்குன்றில், அவர் கால் படாத இடம் இல்லை. "மேல மொட்டையா கெடந்தா மண்ணு கீழதான்டா வரும்."

அடுத்த வாரம் அவர் முன்னால் நடக்க, கரட்டு உச்சியிலிருந்து ஏரி வரை இரண்டு நாள் இறங்கினோம். பிறகு கோயில் திடலில் கோலமாவால் ஓடைகளை வரைந்தோம். எங்கள் நீர்வடிப்பகுதி சுமார் 500 ஹெக்டேர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஹெக்டேருக்கு 5 லட்சம் லிட்டர், மொத்தம் 25 கோடி லிட்டர். இவ்வளவும் வேகமெடுத்து வந்தால் ஒற்றை அணை என்ன செய்யும்? மேலிருந்தே தொடங்குவது என்று முடிவானது.

மூன்று குச்சியை 'ஏ' எழுத்துப்போல் கட்டி, நடுவில் கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்தோம். அந்த மட்டத்திலேயே சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி ஆழத்தில் குழிகள். சின்ன ஓடைகளில் கல் தடுப்புகள்.

இதைவிடக் கஷ்டமானது மேய்ச்சல். புல் பிடிக்கும்வரை கரட்டை மூட வேண்டும் என்றார்கள். நிலம் இல்லாதவர்களுக்கு அந்தக் கரடுதான் நிலம். கிணறு இருக்கிறவன் நன்மைக்கு ஆடு வைத்திருப்பவர் பட்டினி கிடப்பது நியாயமில்லை என்று நான் சண்டையே போட்டேன். நான்கு கூட்டம் ஆனது. கடைசியில் பாதிக் கரட்டை மட்டும் இரண்டு வருஷம் மூடுவது, அங்கே விளையும் புல்லை அரிவாளால் அறுத்துக்கொள்ளும் உரிமை ஆடு வைத்திருக்கும் வீடுகளுக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

சித்திரையில் முதல் மழை. நனைந்துகொண்டே மேலே ஓடினேன். குழிகள் நிரம்பி நின்றன. ஓடைத் தண்ணீரில் செம்மண் நிறம் குறைந்திருந்தது. ஆனால் இரண்டு கல் தடுப்புகள் சரிந்துவிட்டன. நடுப்பகுதியைத் தாழ்வாக விடாமல் கட்டியிருந்தோம். தண்ணீர் ஓரமாகப் போய்க் கரையை அறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறோம். அத்தையும் வருகிறார்.