மாட்டிறைச்சியில் சுவை தேடி: நான்கு மாதச் சமையல் பதிவு

நான்கு மாதங்களுக்கு முன் வீட்டில் மாட்டிறைச்சி சமைத்துப் பழகத் தொடங்கியபோது, என் கறியில் சுவை குறைவதற்குக் காரணம் மசாலாதான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். இதுவரை 17 முறை சமைத்து, ஒவ்வொரு முறையும் எடை, நேரம், வெப்பநிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவந்ததில், மசாலாவுக்கும் அந்தக் குறைக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. என் சமையலைக் கெடுத்துக்கொண்டிருந்தது, இருக்கக் கூடாத இடத்தில் இருந்த தண்ணீர்.

முதல் முறை ஒரு கிலோ தொடைக்கறியை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட, வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்த சட்டியில் மொத்தமாகக் கொட்டினேன். சில நிமிடங்களில் கறி நீர் விட்டு, வறுபடுவதற்குப் பதிலாகத் தன் சாற்றிலேயே வெந்து சாம்பல் நிறமாயிற்று. ஒன்றரை மணி நேரம் கொதித்த பின்பும் சக்கையை மெல்வது போலவே இருந்தது. சாற்றில் மிளகும் பூண்டும் தூக்கலாக இருக்க, கறிக்குள் எதுவும் ஏறவில்லை. அடுத்த முறை மசாலாவை இரண்டு மடங்காக்கினேன். சாறு காரமாயிற்று, கறி அப்படியே இருந்தது.

மூன்றாம் முறை செய்த மாற்றம் கறியின் பகுதியை மாற்றியது மட்டுமே. கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைந்த தொடைக்கறியை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது மேலும் மேலும் வறண்டுதான் போகும் என்பதைப் படித்தறிந்து, தோள்பட்டைப் பகுதியையும் காலின் கீழ்ப்பகுதியையும் வாங்கினேன். மாடு நடப்பதற்கும் உடலைத் தாங்குவதற்கும் ஓயாமல் உழைக்கும் இந்தத் தசைகளில் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி. பச்சையாக இருக்கும்போது கயிறு போல் இழுக்கும் அந்தப் புரதம், ஈரத்தில் நெடுநேரம் சூடேறினால் ஜெலட்டினாகக் கரைந்து, நார்களுக்கு இடையே வழவழப்பாகத் தங்கிவிடுகிறது. கறி மெத்தென்று இருப்பதற்கும் சாறு உதட்டில் லேசாக ஒட்டுவதற்கும் இதுவே காரணம். பார்வைக்கு அழகில்லாத, வெள்ளை நரம்போடிய துண்டுகளைத்தான் இப்போது தேடி எடுக்கிறேன்.

அடுத்த ஆறு முயற்சிகளும் வறுப்பதைப் பற்றியவை; நோட்டில் பாதிப் பக்கங்களை இவைதான் பிடித்துக்கொண்டன. இறைச்சி பழுப்பாக வறுபடும்போது எழும் மணத்துக்குக் காரணமான வேதிவினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நடத்தும் இந்த வினை ஏறக்குறைய 140 பாகை செல்சியசுக்கு மேல்தான் வேகம் பிடிக்கிறது. துண்டின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே, ஈரக் கறியைச் சட்டியில் போடுகிறவர் முதலில் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். கறி வறுபடும் கட்டம் அதன் பிறகே வருகிறது. இதை உணர்ந்ததும் கழுவுவதை அடியோடு நிறுத்தினேன். கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைச் சமையலறை முழுவதும் பரப்பும் என்பதால், சுகாதார அமைப்புகளும் இறைச்சியைக் கழுவ வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன.

இப்போது கிலோவுக்கு 10 கிராம் உப்பைப் பெரிய துண்டுகளின் மேல் தூவி, கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். முதல் சிறிது நேரம் உப்பு நீரை வெளியே இழுத்துக் கறியைப் பளபளவென்று நனைத்துவிடுகிறது. பொறுத்திருந்தால் அந்த உப்புநீர் மெல்ல உள்ளே திரும்பிச் செல்கிறது, மேற்பரப்பும் காய்ந்துவிடுகிறது. அவசரப்பட்டு 15 நிமிடத்தில் எடுத்து வறுத்த ஐந்தாம் முயற்சிதான் மிக மோசமானது. உப்பே இடாமல் வறுத்திருந்தால் அதைவிட நன்றாக வந்திருக்கும்.

கறி காய்ந்திருந்தாலும் சட்டியை நெருக்கினால் பயனில்லை. அடி கனமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடாமல், துண்டுகளுக்கு இடையே விரல் அகலம் இடம் விட்டு, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விட வேண்டும். கிளறிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விடுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இரண்டு பக்கம் நன்கு சிவந்தால் போதும். ஆறு பக்கமும் சிவக்கவைத்த அன்று மேல்தோல் கெட்டியாகிவிட்டது. துண்டுகளை எடுத்தபின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பில் கால் கோப்பைத் தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டிச் சாற்றில் சேர்க்கிறேன். ஆனால் அது கறுத்துப்போனால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். ஒருமுறை மனம் வராமல் சேர்த்துவிட்டு, மூன்று மணி நேரம் கசப்பைச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

வறுப்பதால் உள்ளிருக்கும் சாறு அடைபடுகிறது என்று பலரும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து அது. சோதித்துப் பார்ப்போம் என்று ஒரே எடையுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்றை மட்டும் வறுத்து, இரண்டையும் அடுப்புப் பெட்டியில் ஒரே உள்வெப்பநிலை வரை வேகவைத்து நிறுத்துப் பார்த்தேன். வறுத்ததுதான் சற்று அதிகமாக எடை இழந்திருந்தது. மணத்துக்காகவும் நிறத்துக்காகவும் வறுக்கிறோம். சாற்றைப் பூட்டிவைக்க அல்ல.

வேகவைப்பதில் நான் கற்றது பொறுமை என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி மூடியும் நீரின் அளவும். முன்பெல்லாம் கறி முழுகும்வரை தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவேன். இப்போது துண்டுகளின் பாதி உயரத்துக்கு மட்டும் நீர் விட்டு, இறுக்கமான மூடியிட்டு, 140 பாகையில் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். நீருக்கு மேலே தலைகாட்டும் பகுதிகள் உள்ளேயே இன்னும் சிவக்கின்றன. ஒன்பதாம் முயற்சியின் குறிப்பு: “2 மணி: கல். 2½ மணி: கல்தான். 3 மணி 10 நிமிடம்: முள்கரண்டி தானாக இறங்குகிறது.” இடையில் வரும் அந்தக் கல் கட்டத்தில்தான் பலரும் கறி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கைவிடுகிறார்கள், நானும் இரண்டு முறை கைவிட்டிருக்கிறேன். நார்கள் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளுவது முன்னதாகவே நடந்துவிடுகிறது. கொலாஜன் கரைந்து அதை ஈடுசெய்ய நெடுநேரம் ஆகிறது.

பிரஷர் குக்கரிலும் அதே தோள்பட்டைக் கறியைச் செய்து ஒப்பிட்டேன். உள்ளே வெப்பம் 120 பாகை அளவுக்கு ஏறுவதால் 40 நிமிடத்தில் வெந்துவிட்டது. ஆனால் நீர் சிறிதும் ஆவியாகாததால் சாறு கஞ்சித்தண்ணீர் போல இருந்தது. கறியைத் தனியே எடுத்துவைத்துச் சாற்றை மட்டும் சுண்டவைக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு தவறும் செய்தேன். முதலிலேயே சாற்றுக்குச் சரியாக உப்பிட்டிருந்ததால், அது பாதியாகச் சுண்டியபோது வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. ஆவியைச் சட்டென்று திறந்துவிட்டாலும் உள்ளே சாறு தளதளவென்று கொதித்துக் கறி வறண்டுபோகிறது. தானாக அடங்கவிடுவதே நல்லது.

சுவையை ஆழப்படுத்தும் பொருள்களில் மசாலாவைவிட எனக்குப் பெரிதும் உதவியவை தக்காளி விழுதும் உலர்ந்த காளானும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா, குளுட்டமேட் என்னும் அமினோ அமில உப்பின் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார்; 1913இல் ஷின்டாரோ கொடாமா, இனோசினேட் என்னும் வேறொரு சேர்மத்துக்கும் அதே சுவை உண்டு என்று கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது அச்சுவை பன்மடங்கு கூடுகிறது. இறைச்சியில் இனோசினேட் இருக்கிறது. தக்காளியும் காளானும் குளுட்டமேட்டைத் தருகின்றன. ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதை எண்ணெயில் செங்கல் நிறமாகும்வரை வதக்கிச் சேர்த்த அன்றுதான் வீட்டில் முதல்முறையாக இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மசாலாப் பொடிகளையும் இப்போது கறியிலிருந்து உருகிய கொழுப்பில் வதக்கியே சேர்க்கிறேன். அவற்றின் மணப்பொருள்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. முதல் நாளில் நான் அவற்றைக் கொதிநீரில் கொட்டி வீணாக்கினேன். மாட்டிறைச்சிக்கே உரிய மணமும் பெருமளவு கொழுப்பிலிருந்துதான் வருகிறது என்பதால், வெட்டி ஒதுக்கும் கொழுப்பையும் எறிவதில்லை.

சமைத்த அன்றே பரிமாறுவதில்லை என்பது அண்மைய முடிவு. கறியைச் சாற்றிலேயே ஆறவிட்டு, ஓர் இரவு குளிரில் வைத்தால், மேலே கட்டியாக உறையும் கொழுப்பில் வேண்டாததை எளிதாக எடுத்துவிடலாம். அடியில் சாறு அசையாமல் உறைந்திருந்தால் ஜெலட்டின் போதுமான அளவு கரைந்திருக்கிறது என்று பொருள்.

மெல்லிய கீற்றுகளை விரைவாக வதக்குவதிலும் இறங்கினேன். கறியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து இறுக்கிய பின், நாரின் ஓட்டத்துக்குக் குறுக்காக நறுக்கினால் தொடைக்கறிகூட மெல்ல எளிதாகிறது. அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா தடவி 15 நிமிடம் வைத்துத் துடைத்தெடுப்பதும் உதவியது. ஒரு தேக்கரண்டி போட்டபோது சோப்பின் வாடை அடித்தது. பப்பாளிக்காய் விழுதை இரவு முழுவதும் ஊறவிட்டது வீண்வேலை. மேற்பரப்பு கூழானது, உட்புறம் பழையபடி.

இன்னும் கைவராதது தடித்த முதுகுத் துண்டு. உள்வெப்பநிலை 63 பாகை வந்ததும் இறக்கினால், தட்டில் வைத்த பின்பும் வெளிச்சூடு உள்ளே பரவி 70ஐத் தொட்டுவிடுகிறது. கடந்த மூன்று முயற்சிகளிலும் இப்படியே ஆகி, நடுவில் ஈரமே இல்லாத துண்டைத்தான் சாப்பிட்டேன். அடுத்த முறை 58இல் இறக்கி, வெப்பமானியை உள்ளேயே விட்டு, 63ஐ எட்டிய பின் மூன்று நிமிடம் கழித்து வெட்டப்போகிறேன். துண்டு நேற்றிரவே உப்பிட்டுக் கம்பித் தட்டில் இருக்கிறது. மேற்பரப்பு தொட்டால் காகிதம் போலக் காய்ந்திருக்கிறது.