என்ன கதை?

"வாங்கோ, இருந்து கதைப்பம்" என்றுதான் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் மொட்டை மாடித் திட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, "சரி, சொல்லுங்க மேடம். என்ன கதை?" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மகளின் படிப்புக்காக வளசரவாக்கம் வந்து மூன்று வருடமாகிறது. ஆட்டோக்காரர்கள் "கேரளாவா?" என்று கேட்பது பழகிவிட்டது. பாண் பிரெட்டாகிவிட்டது, 'ஓம்' 'ஆமா'வாகிவிட்டது. பேசுவதற்கு நாங்கள் சொல்லும் 'கதைக்கிறது' மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. அவரோ மெய்யாகவே காத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் காத்திருக்கிற மனிதருக்கு எதையாவது சொல்லத்தானே வேண்டும்?

2022 பெற்றோல் வரிசையைச் சொன்னேன். கியூஆர் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர் தந்த காலம். விடிய முதல் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய், சீற்றிலேயே தலையை வைத்துத் தூங்கியிருக்கிறேன். "கூட யார் வருவாங்க?" என்றார்.

ஒருவரும் இல்லை. கணவர் கனடா போனவர், போன இடத்தில் இன்னொரு குடும்பம். ஊரில் எல்லோரும் "எத்தனை லிட்டர் கிடைச்சது?" என்றுதான் கேட்டார்கள்.

52 வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்கே தோன்றும். கத்திரி வெயிலில் இரவு இரண்டு மணிக்கு நனைந்துபோய் எழும்பினால் வெயிலா வயசா என்று பிடிபடாது. இங்கே எல்லோருக்கும் வியர்க்கிறது, அதனால் யாரும் காரணம் கேட்பதில்லை, அது ஒரு வசதி. போன மாதம் தையற்காரப் பெண் அளவெடுக்க என் தோளைப் பிடித்தாள். மகளைத் தவிர வேறொருவர் கை அங்கே பட்டு எவ்வளவு காலம் என்று நாடாவைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பிளவுசை இன்னும் வாங்கப் போகவில்லை.

அந்த முதல் நாளுக்குப் பிறகு பின்னேரம் தோறும் கதை. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், டவராவில் காபியோடு வருவார். எனக்குப் பிளேன் டீயும் கடிக்கப் பனங்கட்டியும். "கருப்பட்டிதானே?" என்பார். ஓலைக் குட்டானில் வருவது வேறு என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் எங்கள் கிணற்றடியும் பனங்காணியும் வந்துவிடும். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். போக்குவரத்து நெரிசலில் மீனம்பாக்கம் போய்ச் சேரவே சில நாள் அவ்வளவு நேரமாகும்.

எங்கள் ஊரில் என்றால் முதல் நாளே அவர் 'அண்ணை' ஆகியிருப்பார். நான் கூப்பிடவில்லை. மூன்று மாதமாக ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்து வருகிறேன்.

நேற்று மேலே தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டார் சுவிட்ச் கீழே அவர் வாசலில். படிக்கட்டில் நின்று கத்தினேன்: "இஞ்சருங்கோ! தண்ணி!"

அம்மா அப்பாவைக் கூப்பிட்ட மாதிரியே வந்துவிட்டது. மகள் உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

மோட்டாரை அணைத்துவிட்டு மேலே வந்தவர், "இஞ்சருங்கோன்னா என்ன?" என்று கேட்டார்.

"இங்கே பாருங்கோ என்று அர்த்தம்" என்றேன்.

பார்த்தார்.