மலரின் கடைசிப் பக்கங்கள்

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் என்பதால் இலண்டனில் எல்லோரும் பிந்தித்தான் எழும்பினோம். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் புகுந்தது காலை ஒன்பது மணியை அண்டி. நமக்கு அது விடியப்புறம் மூன்று மணி. நாங்கள் தேநீர் போடும்போது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

தொலைக்காட்சியில் சுமாத்திரா, புக்கெட், அப்புறம் காலி நகரம். எங்கள் மட்டக்களப்புக் கரையோரத்துக் கல்லடி, நாவலடி என்று ஒரு சொல் வரவில்லை. நாவலடியைப் பற்றி நமது சங்கத்தின் இந்த ஆண்டு மலரை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். ஓடுவதென்றால் எங்கே ஓடுவது? சித்தி, சித்தப்பா, தங்கச்சி மூவரும் அங்கேதான் இருந்தார்கள்.

டெலிபோன் காட் ஒவ்வொன்றாகச் சுரண்டினோம். இலக்கத்தை அமத்தினால் ஒன்றில் எங்கேஜ்ட், இல்லாவிட்டால் மூச்சே இல்லை. கம்பளம் முழுக்கச் சுரண்டிய வெள்ளித் தூள்.

வழி காட்டியது நமது சங்க மலர். முந்தைய ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களில் அங்கத்தவர் பட்டியல் இருந்தது. பெயர், இலண்டன் தொலைபேசி, சொந்த ஊர். "காசைக் கரியாக்கிற வேலை" என்று பொதுக்கூட்டத்தில் திட்டு வாங்கிய அதே பட்டியல்தான். கரையோரத்தை விட்டுவிட்டு புளியந்தீவு, செங்கலடி, ஏறாவூர் என்று சொந்த ஊர் போட்டிருந்தவர்களை அழைத்தோம். அந்தப் பக்கம் யாருக்காவது லைன் கிடைத்தால், அவர்களின் வீட்டார் சைக்கிளில் போய் ஆஸ்பத்திரியிலும் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடங்களிலும் பெயர் விசாரிப்பார்கள். கிடைத்த பெயர்கள் அங்கே காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் கொமினிகேஷன் கடையிலிருந்து இலண்டனில் ஒருவருக்கு வரும். அவர் மற்றவர்களுக்குச் சொல்லுவார்.

முதல் நாளே ஒரு குழப்பம். ஒரே பெயரில் இரண்டு பெண்கள். ஒருவரின் வீட்டுக்கு ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டோம்; உயிரோடு இருந்தவர் மற்றவர். அந்த வீட்டில் அழுகை நின்று, சிரித்து, திரும்ப அழுதார்கள். அதற்குப் பிறகு யார் பெயர் வந்தாலும் முதல் கேள்வி, "தகப்பன்ட பேர் என்ன?" அதைக் கேட்காமல் ஒரு வீட்டுக்கும் அழைக்கவில்லை. ஆறுதல் சொல்ல அவசரப்படுகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

செவ்வாய்க்கிழமை சித்தியின் பெயர் வந்தது, தகப்பன் பெயரோடு. சித்தப்பாவும் வாவிப் பக்கம் அள்ளுப்பட்டு, மரமொன்றைப் பிடித்துத் தப்பியிருந்தார். தங்கச்சியின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. சித்தி பல மாதங்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "தம்பி, அங்க உங்களுக்கு ஏதும் தெரிய வந்ததா?" ஊரில் இருப்பவர் இலண்டனில் இருப்பவனிடம் செய்தி கேட்டார்.

இலங்கையில் 30,000 பேருக்கு மேல் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில்தான் அதிகம். கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயிலின் சரிந்த கோபுரத்தை ஊருக்குப் போகிறவர்கள் இன்றும் படம் எடுக்கிறார்கள்.

இம்முறை பட்டியலை நீக்கலாம், வட்ஸ்அப் குழு போதும் என்று மலர்க்குழுவில் பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. வட்ஸ்அப் குழுவில் ஆளின் படமும் பட்டமும் தெரியும். யாருடைய வீடு கரையோரம், யாருடையது கடலுக்குத் தள்ளி என்று தெரியாது. இலக்கங்களை அச்சிட விருப்பமில்லையா, சரி, செயலாளரிடம் இருக்கட்டும். ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.